கியூஆர் அட்டையும் முடங்கும் கணக்கும்: நெட்வொர்க் காலத்தில் நமது வியாபாரமும் வேலையும்

திண்டுக்கல்லில் இன்று கியூஆர் அட்டை இல்லாத கடையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பேகம்பூர் டீக்கடை முதல் பெரிய பிரியாணிக் கடை வரை, பணம் வந்து சேர்ந்ததைக் கல்லாவில் இருக்கும் சிறு பெட்டி சத்தமாகச் சொல்கிறது. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி கிளம்பும் முன்பே முன்பணம் கணக்கில் ஏறிவிடுகிறது. நிலக்கோட்டைப் பூச்சந்தையின் விலை தோட்டத்தில் நிற்பவருக்கு வாட்ஸ்அப்பில் தெரிகிறது. சின்னாளபட்டிச் சேலையை வெளியூர்ப் பெண்கள் வீடியோ அழைப்பில் பார்த்து வாங்குகிறார்கள்.

இவ்வளவும் ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்குள் நடந்தவை. 2016-இல் யுபிஐ வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்து 4ஜி டேட்டாவின் விலையைத் தரைமட்டமாக்கியது. 2022 அக்டோபர் 1 அன்று 5ஜி சேவை தொடங்கப்பட்டது. 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் நாடு முழுவதும் யுபிஐ வழியாக 2,000 கோடிக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்தன.

இதன் நன்மையை மறுப்பதற்கில்லை. சில்லறைத் தகராறு குறைந்தது. சந்தை விலை தெரியாமல் விவசாயி ஏமாறுவது குறைந்தது. வளைகுடாவில் உழைக்கும் மகனின் முகத்தைத் தாய் தினமும் பார்க்கிறாள். ஆனால் இதே வலையில் நமது சிறு வியாபாரிகளையும் இளைஞர்களையும் சிக்க வைக்கும் கண்ணிகளும் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நமது குடும்பங்களில் போதிய பேச்சு இல்லை.

கணக்கு ஏன் முடங்குகிறது?

2024-ஆம் ஆண்டில் மட்டும் இணைய மோசடிகளில் இந்திய மக்கள் இழந்த தொகை 22,845 கோடி ரூபாய்க்கும் அதிகம் என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. முந்தைய ஆண்டைவிட இது மூன்று மடங்கு. ஏமாந்தவர் 1930 என்ற எண்ணில் புகார் செய்தால், பணம் எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் போனது என்று காவல்துறையும் வங்கிகளும் பின்தொடர்கின்றன. போகிற வழியில் உள்ள கணக்குகள் முடக்கப்படுகின்றன. ஏமாந்தவரின் பணத்தைக் காப்பாற்ற இது தேவையான ஏற்பாடுதான்.

சிக்கல் எங்கே வருகிறது? மோசடிப் பணம் நான்கைந்து கணக்குகள் மாறி ஒருவன் கைக்கு வருகிறது. அவன் நம் ஊர்க் கடையில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு 180 ரூபாயை ஸ்கேன் செய்து கொடுக்கிறான். கடைக்காரருக்கு எதுவும் தெரியாது. ஆனால் அந்தச் சங்கிலியில் அவருடைய கணக்கும் ஒரு கண்ணியாகிவிடுகிறது. பல மாநிலங்களுக்கு அப்பால் உள்ள ஒரு காவல் நிலையத்தின் கோரிக்கையால் அவரது கணக்கு முழுவதும் முடங்கலாம். மறுநாள் கறிக்கடைக்குக் கொடுக்கவும் வேலையாட்களுக்குச் சம்பளம் போடவும் வழியிருக்காது.

2023-இல் கேரளாவில் இப்படிப் பலர் பாதிக்கப்பட்டு உயர் நீதிமன்றம் சென்றார்கள். சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மீதியை இயக்க அனுமதிக்க வேண்டும் என்ற திசையில் அந்த நீதிமன்றம் உத்தரவிட்டது. எவ்வளவு தொகை, எவ்வளவு காலம் என்று குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்குவது தொழில் செய்யும் உரிமையைப் பாதிக்கும் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமும் கூறியது. கேரளாவோடு அன்றாடம் கொடுக்கல் வாங்கல் உள்ள ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு வியாபாரிகள் இந்த உத்தரவுகளை அறிந்து வைத்திருப்பது நல்லது.

கணக்கு முடங்கினால் பதற்றப்பட்டு இடைத்தரகர்களிடம் பணம் கொடுக்கக் கூடாது. எந்தக் காவல் பிரிவு, எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை என்ற விவரத்தை வங்கியில் எழுத்து மூலம் கேட்டு வாங்க வேண்டும். அந்தத் தொகை எதற்காக வந்தது என்பதற்கான ரசீதுடன் மனு செய்ய வேண்டும். வீட்டுச் செலவுக் கணக்கையும் கடைக் கணக்கையும் தனித்தனியாக வைத்திருந்தால், ஒன்று நின்றாலும் அடுப்பு எரியும்.

இங்கே ஒரு செய்தியை நினைவில் கொள்ள வேண்டும். திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் (2:282) தொழுகை பற்றியதோ நோன்பு பற்றியதோ அல்ல. கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. தொகை சிறிது என்று அலட்சியம் செய்யக் கூடாது என்பதும் அதில் அடக்கம். திரையில் தெரியும் வரவுச் செய்தியோடு நிறுத்திக்கொள்ளாமல் பில் போடும் பழக்கம் நமது கடைகளுக்கு வந்தாக வேண்டும்.

வாடகைக்கு விடப்படும் கணக்கு

அந்த மோசடிப் பணம் பயணிக்கும் நான்கைந்து கணக்குகள் யாருடையவை? பெரும்பாலும் வேலை தேடும் இளைஞர்கள், கல்லூரி மாணவர்கள், விவரம் தெரியாத பெண்கள் ஆகியோருடையவை. “உன் பெயரில் ஒரு கணக்கு தொடங்கு, ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் கொடு, மாதம் சில ஆயிரம் தருகிறோம்” என்று கேட்பார்கள். கொடுத்தவன் பெயரில்தான் வழக்கு வரும். வாங்கியவன் எங்கோ மறைந்திருப்பான்.

மார்க்க அடிப்படையில் பார்த்தாலும் இது ஹலாலான வருமானம் ஆகாது. நம் பெயரும் கையொப்பமும் அமானிதம். இன்னொருவர் சேமிப்பைத் திருட அதைக் கொடுப்பது பாவத்துக்குத் துணை போவது. “எனக்குத் தெரியாது” என்று சொல்லித் தப்பிக்க முடியாத அளவுக்கு இன்று இது வெளிப்படையாகிவிட்டது.

இன்னொரு பக்கம், தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிச் சென்ற நம் மாநில இளைஞர்கள் மியான்மர் எல்லையில் அடைக்கப்பட்டு, மற்றவர்களை இணையத்தில் ஏமாற்றும்படி கட்டாயப்படுத்தப்பட்டார்கள். 2022 அக்டோபரில் தமிழர்கள் 13 பேர் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். கம்போடியாவிலும் லாவோஸிலும் இதே கதை நடந்தது. வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் முகவர் அரசிடம் பதிவு செய்தவரா என்பதை ஒன்றிய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம். பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்கும் முன் பெற்றோர் இதைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஜமாஅத்துகள் செய்ய வேண்டியது

பிள்ளைகள் வெளிநாட்டில், வயதான பெற்றோர் மட்டும் வீட்டில் என்பது நம் மஹல்லாக்களில் சாதாரணக் காட்சி. “டிஜிட்டல் அரெஸ்ட்” என்று வீடியோவில் மிரட்டுபவர்களுக்கு இவர்களே எளிய இலக்கு. அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் அறிவித்தார். ஆனாலும் இந்தச் செய்தி நம் மூத்தவர்கள் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. வரும் செய்தியைத் தீர விசாரிக்க வேண்டும் என்ற குர்ஆனின் கட்டளை (49:6) தொலைபேசிக்கும் பொருந்தும் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே ஜும்ஆ உரைகளில் மாதம் ஒரு முறையாவது இதைப் பேசலாம். பெண்கள் மதரஸாக்களில் ஒரு வகுப்பு ஒதுக்கலாம். 1930 என்ற எண்ணைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். பணம் போன முதல் மணி நேரத்தில் அழைத்தால் மீட்கும் வாய்ப்பு அதிகம். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு வழக்கறிஞர், விவரம் தெரிந்த இளைஞர் என்று மூன்று பேர் இருந்தால் போதும், கணக்கு முடங்கிய வியாபாரிக்கு மனு எழுதிக் கொடுக்க ஒவ்வொரு ஜமாஅத்திலும் ஒரு குழு அமைந்துவிடும்.

நெட்வொர்க் இன்னும் வேகமாகும். புதிய செயலிகளும் வரும். நமது ரிஸ்க்கை ஹலாலாகத் தேடவும், தேடியதைப் பாதுகாக்கவும், பிறர் பொருளில் கை வைக்காமல் இருக்கவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக!