காவலருக்குச் சங்கம் கொடுங்கள். விசாரணையை வெளியே கொடுங்கள்

கடலூர் மாவட்டத்தில் மாதச் சம்பளம் வாங்குகிறவர்களில் சங்கம் இல்லாதவரைத் தேடிப் பிடிப்பது கடினம். மாநகராட்சித் தூய்மைப் பணியாளருக்குச் சங்கம் உண்டு. போக்குவரத்துக் கழக ஓட்டுநருக்கும், நெய்வேலி ஒப்பந்தத் தொழிலாளருக்கும், வருவாய்த் துறை ஊழியருக்கும், பள்ளி ஆசிரியருக்கும் உண்டு. 2012 நவம்பரில் ஊதியத்தைக் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்ததுமே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களும் ஊழியர்களும் திரண்டு நின்றார்கள். மறு ஆண்டே அரசு தனிச் சட்டம் போட்டுப் பல்கலைக்கழகத்தை ஏற்றுக்கொண்டது. உபரி என்று கணக்கிடப்பட்டவர்களை வேறு துறைகளுக்கு மாற்றியபோதும் அரசு சங்கங்களிடம் பேசித்தான் ஆக வேண்டியிருந்தது. இந்தப் போராட்டங்கள் ஒவ்வொன்றிலும் எதிர்வரிசையில், லத்தியை ஊன்றிக்கொண்டு, ஒருவர் நிற்கிறார். அவருக்கு மட்டும் சங்கம் கிடையாது. கேட்டால் வேலை போகும், வற்புறுத்தினால் சிறை.

இது மிகைப்படுத்திச் சொன்னதல்ல. அரசியலமைப்பின் 33-ஆவது பிரிவு தரும் அதிகாரத்தைக் கொண்டு 1966-இல் நாடாளுமன்றம் இயற்றிய காவல் படைகள் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டம், முன் அனுமதியில்லாமல் தொழிற்சங்கத்தில் சேரும் காவலருக்கு இரண்டாண்டு வரை சிறை என்கிறது. டெல்லிக் காவலர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றமும் இந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆனால் சட்டத்தை ஒருமுறை நிதானமாகப் படித்தால் ஒன்று தெரியும். சங்கம் கூடவே கூடாது என்று அது சொல்லவில்லை. அனுமதி பெற்று வைத்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்கிறது. கேரளத்தில் அப்படித்தான் காவலர் சங்கம் பல ஆண்டுகளாக அரசின் அங்கீகாரத்தோடு இயங்குகிறது. தமிழ்நாட்டில் எந்தக் கட்சி ஆண்டாலும் அந்த அனுமதிக் கதவு திறந்ததில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்குச் சங்கம் இருக்கிறது; அது கூடுகிறது, தீர்மானம் போடுகிறது. அவர்களுக்குக் கீழே வேலை செய்யும் இரண்டாம் நிலைக் காவலர் கூடினால் அது ஒழுங்கீனம். பணி ஓய்வு பெற்ற மறுநாள் அவர் ஓய்வுபெற்ற காவலர் நலச் சங்கத்தில் உறுப்பினராகலாம். முப்பது ஆண்டுகள் பேசாமல் அடக்கியதை அங்கே போய்ப் பேசலாம்.

சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ராவுக்கும் தேர் ஓடும் நாளில் நான்கு வீதிகளையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். விருத்தாசலம், பண்ருட்டி, திட்டக்குடி என்று மாவட்டத்தின் நாலா பக்கத்திலிருந்தும் இழுத்து வந்த காவலர்கள் விடியுமுன்பே கயிறு பிடித்து நிற்பார்கள். ஐந்து தேரும் நிலைக்கு வரும்வரை நகர முடியாது. பந்தோபஸ்துக்கு வந்த பெண் காவலர் கழிப்பறைக்கு எங்கே போவார் என்று டூட்டிப் பட்டியல் போடும் ரைட்டர் யோசிப்பதில்லை. மேலே உள்ளவர்களும் யோசிப்பதில்லை. தேர்வீதியில் வீடு வைத்திருக்கும் எவரோ ஒரு நல்ல மனுஷி வாசற்கதவைத் திறந்துவிட்டால் உண்டு. மதியத்துக்குப் பொட்டலம் வரும். வந்து சேரும் நேரம் யாருக்கும் தெரியாது. மறுநாள் காலை அவரவர் நிலையத்தில் ரோல் காலுக்கு நிற்க வேண்டும். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம், புதுச்சேரிச் சரக்கைப் பிடிக்க எல்லைச் சோதனைச் சாவடி, நடராசர் கோயிலில் கனகசபை மீது ஏறி வழிபடுவது பற்றிய விவகாரம் கிளம்பினால் மறுபடி சிதம்பரம். 2023 ஜூலை 28 அன்று நெய்வேலியில் என்.எல்.சி. நிலமெடுப்பை எதிர்த்து நடந்த போராட்டம் கலவரமானபோது கல்லடி பட்டு மருத்துவமனைக்குப் போனவர்களும் இவர்கள்தான்.

வார விடுப்பு தருகிறோம் என்று 2021-இல் அரசாணை வந்தது. நல்ல ஆணை. ஆனால் அந்த விடுப்பு உண்மையில் கிடைக்கிறதா என்று கேட்டுச் சொல்ல யார் இருக்கிறார்கள்? விடுப்பை மறுக்கும் அதே அதிகாரியிடம்தான் விடுப்பு கிடைக்கவில்லை என்று மனு கொடுக்க வேண்டும். எஸ்.பி. நடத்தும் குறைதீர் முகாமில் சீருடையோடு வரிசையில் நின்று, சல்யூட் அடித்து, ஒரு நிமிடத்துக்குள் தன் குறையைச் சொல்லிவிட்டு, மறுபடி சல்யூட் அடித்துத் திரும்ப வேண்டும். ‘உங்கள் துறையில் முதலமைச்சர்’ என்ற பெயரில் மனுக்கள் வாங்கப்பட்டபோது குவிந்தவற்றில் இடமாறுதலும் தண்டனை ரத்தும் கேட்டவை ஏராளம். ஆளாளுக்குத் தனித்தனியாகக் கையேந்துவதற்குப் பேச்சுவார்த்தை என்று பெயரில்லை. வீட்டு வேலைக்குக் காவலரை வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறையை 1979-லேயே தமிழக அரசு ஒழித்தது. 2022-இல் உயர் நீதிமன்றம் கடுமையாகப் பேசிய பிறகுதான் அந்த ஆணை நினைவுக்கு வந்தது. நடுவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதிகாரி வீட்டில் துணி துவைத்த காவலருக்காக வாய் திறக்க ஓர் அமைப்பு இல்லாமல் போனதுதான் காரணம்.

இப்போது ஒழுங்கு நடவடிக்கைக்கு வருவோம். 1955-ஆம் ஆண்டின் காவல் சார்நிலைப் பணி ஒழுங்கு விதிகள்தான் இன்றும் காவலரின் தலையெழுத்து. சிறு தண்டனைக்கு ‘த்ரீ ஏ’, பெருந்தண்டனைக்கு ‘த்ரீ பி’ என்று அவர்கள் பேச்சுவழக்கில் சொல்வது அந்த விதிகளின் 3(ஏ), 3(பி) பிரிவுகளைத்தான். மெமோ வரும், தண்டனைப் பதிவேட்டில் பி.ஆர். எண் விழும், விளக்கம் எழுதித் தர வேண்டும். ‘த்ரீ பி’ என்றால் சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் உண்டு. தண்டனை கொடுப்பவர் எஸ்.பி.; மேல்முறையீடு விழுப்புரம் சரக டி.ஐ.ஜி.யிடம். குற்றம் சாட்டுவதும் விசாரிப்பதும் தீர்ப்பளிப்பதும் மேல்முறையீட்டைக் கேட்பதும் ஒரே துறை. கண்டனம், கரும்புள்ளி, ஊதிய உயர்வு வெட்டு, பதவி இறக்கம், நீக்கம் என்று ஏணி நீளமாக இருக்கிறது. ரோல் காலுக்குத் தாமதமாக வந்தவர், விடுப்பு முடிந்து ஒரு நாள் பிந்தி வந்தவர், அதிகாரியிடம் எதிர்த்துப் பேசியவர், விசாரணைக்கு அழைத்து வந்தவரின் விரலை உடைத்தவர் எல்லாரும் ஏறி இறங்குவது அந்த ஒரே ஏணியில்தான்.

நம் வாதத்தின் மையம் இதுதான். காவலருக்கும் அவருடைய துறைக்கும் இடையே உள்ள தகராறு ஒன்று. காவலரால் பொதுமக்களுக்கு நேர்ந்த தீங்கு வேறு. இரண்டையும் ஒரே மேசையில் ஒரே ஆள் கையில் விட்டதால் இரண்டும் கெட்டிருக்கிறது. சின்னத் தவறுக்கு அளவு மீறிய கடுமை. பெரிய குற்றத்துக்கோ ஆயுதப்படைக்கு மாற்றம், கொஞ்ச நாள் கழித்து வேறு நிலையத்தில் பழைய நாற்காலி.

இந்த மாவட்டத்துக்கு இதை யாரும் வந்து விளக்க வேண்டியதில்லை. 1992-இல் சிதம்பரம் அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் ஒரு கூலித் தொழிலாளி கொல்லப்பட்டார். அவருடைய மனைவி அதே நிலையத்தில் கூட்டு வன்புணர்வுக்கு ஆளாக்கப்பட்டார். மறு ஆண்டு கம்மாபுரம் காவல் நிலையம். முதனையைச் சேர்ந்த ஒருவர் விசாரணைக்கென்று கொண்டுபோகப்பட்டு உயிரோடு திரும்பவில்லை. பிற்காலத்தில் ‘ஜெய் பீம்’ படமாகிய வழக்கு அது. அதில் தண்டனை வரை வந்து சேர 2006 ஆயிற்று. இரண்டிலும் நீதியை இழுத்து வந்தவர்கள் வழக்கறிஞர்களும் மாதர் அமைப்பும் இடதுசாரிக் கட்சிக்காரர்களும். காவல் துறையின் ஒழுங்கு விதிகள் அந்த இழுவையில் ஒரு கை கொடுத்ததாகச் சொல்ல முடியாது.

2025 ஜூனில் திருப்புவனத்தில் கோயில் காவலாளி ஒருவர் விசாரணையில் இறந்தபோது தனிப்படைக் காவலர்கள் ஐந்து பேர் கைதானார்கள். அப்போது அவர்களின் குடும்பத்தினர் நிலையத்தின் முன் உட்கார்ந்து கேட்ட கேள்வி பலருக்கு எரிச்சலூட்டியது: மேலே உள்ளவர் சொன்னதைத்தானே செய்தார்கள், அவர் எங்கே? கொலைக்கு அது சமாதானம் ஆகாது. ஆனால் கேள்வியில் ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது. வாய்மொழியாக வரும் உத்தரவை “எழுத்தில் கொடுங்கள் ஐயா” என்று கேட்கும் தைரியம் தனி ஆளாக நிற்கும் காவலருக்கு வராது. பின்னால் ஓர் அமைப்பு நின்றால் வரலாம். அடிக்க மறுத்த காவலரைப் பழிவாங்கும் இடமாறுதலிலிருந்து காப்பாற்ற இன்று எந்த ஏற்பாடும் இல்லை. சங்கம் வேண்டும் என்பதற்கு நமக்குத் தெரிந்த மிக வலுவான காரணம் சம்பளமோ விடுப்போ அல்ல, இதுதான்.

சங்கம் வந்தால் ஒழுங்கு குலையும் என்பார்கள். சங்கம் இல்லாத இடங்களில் ஒழுங்கு எப்படி இருந்தது என்று பார்க்கலாம். 1973-இல் உத்தரப் பிரதேச ஆயுதக் காவல் படை கலகம் செய்தது. ராணுவம் இறங்கியது, கமலாபதி திரிபாதியின் அரசு விழுந்தது. 1979-இல் பஞ்சாபில் தொடங்கிய காவலர் கொந்தளிப்பு பல மாநிலங்களுக்கும் மத்தியப் படைகளுக்கும் பரவியது. 2016-இல் கர்நாடகக் காவலர்கள் ஒட்டுமொத்த விடுப்புக்கு ஆயத்தமானார்கள். அவர்களைத் திரட்டியவர் மீது அரசு தேசத்துரோக வழக்கே போட்டது. 2019 நவம்பரில் வழக்கறிஞர்களோடு நடந்த மோதலுக்குப் பின் டெல்லிக் காவலர்கள் தங்கள் தலைமையகத்தின் முன்னாலேயே மறியல் செய்தார்கள். பேச வழி வைக்காத இடங்களில்தான் இப்படி வெடித்திருக்கிறது.

கேரளத்தை மட்டும் காட்டி எல்லாம் நலம் என்று முடித்துவிட முடியாது. 2018-இல் அங்கே சங்க மாநாட்டுப் பந்தல்களில் கட்சிச் சாயல் ஏறிவிட்டது என்று சர்ச்சை கிளம்பியது. அந்த அச்சம் தமிழ்நாட்டில் இன்னும் நியாயமானது. இங்கே ஆட்டோ ஸ்டாண்டுக்கே இரண்டு கொடிக்கம்பம்.

அதைவிடப் பெரிய எச்சரிக்கை அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே காவல் துறை நகராட்சியின் கையில் இருக்கிறது. சம்பளம் பேசுவது நகர மன்றம். பேரம் பேச எதிரே உட்காருவது காவலர் சங்கம். பணம் கொடுக்க முடியாத ஆண்டுகளில் நகர மன்றங்கள் அதற்குப் பதிலாக வேறு சலுகைகளை ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தன. பழைய புகார்ப் பதிவுகளை அழித்துவிடலாம். நீக்கப்பட்டவர் நடுவரிடம் போகலாம். விளைவை ‘வாஷிங்டன் போஸ்ட்’ 2017-இல் கணக்கெடுத்தது. நாட்டின் பெரிய காவல் துறைகள் 2006 முதல் நீக்கிய 1,881 பேரில் 450-க்கும் மேற்பட்டோரை, மேல்முறையீட்டில் தோற்று, மீண்டும் வேலையில் சேர்க்க நேர்ந்தது. ஆகவே காவலர் சங்கத்தைக் கேட்கிற நாம் அதே மூச்சில் ஒரு வேலியையும் கேட்கிறோம்: குடிமக்களைத் தாக்கியது, லஞ்சம் வாங்கியது, காவலில் மரணம் போன்றவை சங்கத்தின் பேச்சுவார்த்தை வரம்புக்குள் எந்நாளும் வரக்கூடாது.

பிரிட்டன் இந்தக் கணக்கை நூறாண்டுக்கு முன்பே போட்டுப் பார்த்துவிட்டது. 1918-இலும் 1919-இலும் அங்கே காவலர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டாவது தடவை நின்றவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். அத்தனை பேருக்கும் வேலை போயிற்று, ஒருவரையும் திரும்பச் சேர்க்கவில்லை. ஆனால் அதே 1919-இல் சட்டம் கொண்டுவந்து காவலர் கூட்டமைப்பை அரசே ஏற்படுத்தியது. வேலைநிறுத்தம் கிடையாது, கட்சி கிடையாது. சம்பளம், பணி நேரம், நலன் பற்றிப் பேச உரிமை உண்டு. கடுமையான புகார்களை விசாரிக்க இன்று அங்கே காவல் துறைக்கு வெளியே தனி அமைப்பு இருக்கிறது. வெள்ளைக்காரன் தன் ஊரில் 1919-இல் மாற்றிக்கொண்டான். நமக்கு அவன் 1859-இல் எழுதிக் கொடுத்த மாவட்டக் காவல் சட்டத்தை நாம் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

வெளி விசாரணைக்கு இங்கே வழி இல்லாமலும் இல்லை. பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், மாவட்டந்தோறும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில் காவல் புகார் ஆணையம் வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013-இல் காவல் சீர்திருத்தச் சட்டம் இயற்றியபோது நீதிபதியின் இடத்தில் ஆட்சியரை உட்கார வைத்தது, உறுப்பினராக எஸ்.பி.யையே சேர்த்தது. கடலூர் எஸ்.பி.யின் ஆட்கள் மீது கொடுக்கப்படும் புகாரை கடலூர் எஸ்.பி. உட்கார்ந்து கேட்பார்! ஆட்சியர் நல்லவராகவே இருக்கட்டும். நாளை காலை தேர்த்திருவிழாவுக்கும் நாளை மாலை மறியலுக்கும் அவர் அந்த எஸ்.பி.யைத்தான் நம்பியாக வேண்டும். அவரை நீதிபதி நாற்காலியில் உட்கார வைப்பது அவருக்கும் நல்லதல்ல. உள்ளாட்சிக்கோ இதில் துளி இடமும் இல்லை. 2021-இல் மாநகராட்சியான கடலூரின் மேயர், தன் ஊர்க் காவல் நிலையம் பற்றி ஒரு கேள்வி கேட்கச் சட்டத்தில் வழி கிடையாது. அமெரிக்க நகர மன்றங்களுக்கு உள்ள அதிகாரத்தை நாம் கேட்கவில்லை. புகார் ஆணையத்தில் மாநகராட்சி, நகராட்சி மன்றங்கள் முன்மொழியும் பொதுமக்கள் இருவர், அவர்களில் ஒருவராவது பெண், உட்காரலாம் என்றுதான் கேட்கிறோம்.

அரசு செய்ய வேண்டியது பெரிய புரட்சியில்லை. 1966-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் அனுமதியைக் கொடுத்து, காவலர் முதல் சிறப்பு உதவி ஆய்வாளர் வரை உள்ளவர்கள் மாவட்ட அளவில் ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கும் சங்கத்தை அங்கீகரிக்கட்டும். வேலைநிறுத்தம், கட்சி உறவு இரண்டுக்கும் சட்டத்திலேயே தடை இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எஸ்.பி.யும் சங்கமும் உட்கார்ந்து பேசி, பேசியதைக் குறிப்பாக வெளியிடட்டும். சங்கம் என்றாலே சென்னைக்கு வியர்க்கும் என்பது தெரியும். 2003-இல் வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1.7 லட்சம் அரசு ஊழியர்களை ஒரே வீச்சில் நீக்கிய மாநிலம் இது. உச்ச நீதிமன்றம் வேலைநிறுத்தம் உரிமையல்ல என்று தீர்ப்புச் சொன்னபோதும், பெரும்பாலோரை மீண்டும் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தச் சங்கங்களும் இன்றுவரை இருக்கின்றன. அவற்றோடு பேசிக்கொண்டேதான் ஆட்சிகள் நடந்து வருகின்றன.

2013 சட்டத்தைத் திருத்தி ஆட்சியரின் நாற்காலியில் ஓய்வுபெற்ற நீதிபதியை உட்கார வைப்பதும் இதோடு சேர்ந்தே நடக்க வேண்டும். ஒன்றை இந்த ஆண்டும் மற்றதை அடுத்த ஆட்சியிலும் என்று பிரித்தால் கேரளத்தின் குறையோ அமெரிக்காவின் குறையோதான் மிஞ்சும். ஒத்திகை பார்க்க ஒரு மாவட்டம் வேண்டுமென்றால் கடலூரை எடுத்துக்கொள்ளலாம். அண்ணாமலை நகரும் கம்மாபுரமும் இங்கேதான் இருக்கின்றன.