பலர் காக்கும் மன்றம்

மக்கள் கூடி உரையாடும் மன்றம் ஒருவர்தம் உடைமையாதல் தகுமோ? இவ்வினா 2022ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் உலகெங்கும் எழுந்தது. ஈலான் மஸ்க் என்பார் டுவிட்டர் நிறுவனத்தை ஏறக்குறைய 4,400 கோடி டாலர் கொடுத்து வாங்கினார். மன்றத்தின் விதிகள் பல அவர் விருப்பின்படி மாறின. 2023இல் அதன் பெயரும் மாறிற்று. வெளியேறக் கருதியோர், தம்மைப் பின்தொடர்ந்தார் அனைவரையும் அங்கேயே விட்டுச் செல்ல நேர்ந்தது.

இக்குறைக்கு மாற்றாவது கூட்டாட்சி முறையில் அமைந்த சமூக வலையே என்பது எம் கருத்து. யூஜின் ரோச்கோ என்னும் ஜெர்மானியர் 2016இல் வெளியிட்ட மாஸ்டொடான் இதற்குச் சான்றாகும். இதில் யாவரையும் ஆளும் தலைமை நிலையம் ஒன்றில்லை. சர்வர் எனப்படும் வழங்கிகள் பல, பலவிடங்களிற் பலரால் நடத்தப்பெறுகின்றன. சேர்வோர் தமக்கு உகந்த வழங்கியொன்றிற் கணக்குத் தொடங்குவர். ஒருவர் எழுதியதை அவர்தம் வழங்கி, அவரைப் பின்தொடர்வோருடைய வழங்கிகட்கு அனுப்பும். ஜிமெயிலில் உள்ளார் யாகூவில் உள்ளார்க்கு மின்னஞ்சல் விடுத்தல் போல்வது இது. வழங்கிகள் தம்முட் பேசிக்கொள்ளும் ஆக்டிவிட்டிபப் என்னும் பொது நெறியை, வலைக்குரிய தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி கழகம் 2018 ஜனவரியில் ஏற்று வெளியிட்டது. ஒவ்வொரு வழங்கியும் தன் விதியைத் தானே வகுக்கும்; தீமை விளைக்கும் வழங்கியோடு உறவை அறுத்தலும் அதன் உரிமையே.

இம்முறை குறையற்றதென்று யாம் கூறோம். வழங்கி மாறுவோர் தம்மைப் பின்தொடர்வோரை உடன்கொண்டு செல்லலாம். பழைய எழுத்துக்களோ பழைய இடத்திலேயே தங்கிவிடும். பல வழங்கிகள் நன்கொடையால் வாழ்வன. பொருளும் ஆளும் குன்றின் மூடப்படும். பெரிய அரசமைப்புக்களும் இதற்கு விலக்கல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுக் காப்பு மேற்பார்வையாளர் 2022இல் தொடங்கிய இயூ வாய்ஸ் என்னும் வழங்கி, அதனை ஏற்று நடத்தப் பிறிதோர் அலுவலகம் முன்வாராமையால் 2024 மே திங்களில் மூடப்பெற்றது.

இதனாற் பெறப்படுவது யாது? உரிமையைப் பலர் பகிர்ந்துகொள்ளின், சுமையையும் பலர் பகிர்ந்தே தீரவேண்டும். கூட்டாட்சி வலையிற் புகுவோர், தாம் தங்கும் வழங்கியின் விதிகளைப் படித்தறிதல் வேண்டும். அதன் செலவிற் சிறு பங்கேனும் ஏற்றல் வேண்டும். காவற்பணிக்குக் கைகொடுத்தலும் வேண்டும். மாஸ்டொடானின் நிரல் யாவரும் எடுத்தாளுமாறு திறந்து வைக்கப்பட்டுளது. ஆதலின், மாணவர் சங்கங்கள் தமக்கென ஒரு வழங்கி அமைத்தல் அரிதன்று. ஆண்டுதோறும் மாணவர் மாறினும் அதனைக் கைவிடாது காத்தலே அரிது. அவ்வரிய பணியை ஏற்க இசைவோமாயின், நம் உரையாடலுக்கு உரியோர் நாமே ஆவோம்.