வீதியின் வேகமும் நமது கடமையும்

2004ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கப்பெற்ற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் இணைய வரைபடம் எவரும் திருத்தக்கூடிய பொதுச்சொத்து. வீதியின் வேக எல்லையையும் அதிற் பதியலாம். 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழான விதிகள் குடியிருப்புப் பகுதியில் காருக்கு மணிக்கு 50 கிலோமீற்றரும், வெளியே பொதுவாக 70உம், முச்சக்கர வண்டிக்கு 40உம் விதிக்கின்றன. அன்புவழிபுர வீதியொன்றில் 50 இருக்கவேண்டிய இடத்தில் ஒருவர் 70 எனப் பதிந்தால், சாரதியின் கைப்பேசியும் அதையே காட்டும். அத்தவறுக்கு விலை கொடுப்போர் சைக்கிளிற் செல்லும் விவசாயியும் பள்ளிச் சிறாருமே!

வரைபடம் சட்டமாகாது. ஆகவே, ஊகத்தையும் விருப்பத்தையும் விடுத்து, பலகையைக் கண்டே பதியுமாறு படித்த இளைஞரை வேண்டுகின்றோம். பலகை இல்லாத இடத்தில் அதனை நாட்டுவது அதிகாரிகளின் கடமை. அதனைக் கேட்டுப் பெறுவது நமது உரிமை.