சின்னப் புல்லியும் பெரிய சூடும்

சூப்பர்சார்ஜர் வைத்த கார் வாங்கியவனிடம் போய், "புல்லியைச் சின்னதாக்கு, காற்றை இன்னும் அமுக்கு, பவர் அள்ளிக்கொண்டு வரும்" என்று சொல்கிறவன் வியாபாரி. "முதலில் அந்தக் காற்றின் சூட்டைக் குறை" என்று சொல்கிறவன் மெக்கானிக். நம்ம புதுச்சேரியில் முதல் வகை பெருகிப்போச்சு. அதைக் கண்டித்துத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். கார் விஷயத்தில் ஆர்வம் இல்லாத நண்பர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வாங்கி வாசலில் நிறுத்தியிருக்கும் டர்போ வண்டிகளுக்கும் இதில் பாதி பொருந்தும்.

என் நண்பர் ஒருவரின் மகன் பழைய மெர்சிடிஸ் சி-200 ஒன்றை செகண்ட்ஹாண்டில் வாங்கினான். பின்பக்கம் 'கொம்ப்ரெஸ்ஸோர்' என்று எழுதியிருக்கும் ரகம். 1.8 லிட்டர் இன்ஜின், அதோடு பெல்ட்டில் சுற்றும் சூப்பர்சார்ஜர். காலையில் வண்டி பறக்கிறது, மத்தியானம் ராஜீவ் காந்தி சிலை சிக்னலில் கால் மணி நேரம் நின்று கிளம்பினால் மாட்டு வண்டி மாதிரி இழுக்கிறது என்று புலம்பினான். ஒரு கடையில் காட்டியிருக்கிறான். அவர்கள் மூன்று வைத்தியம் சொன்னார்கள்: சின்னப் புல்லி, கூம்பு வடிவ ஏர் ஃபில்டர், கம்ப்யூட்டரில் 'ட்யூனிங்'. மொத்தம் ஒன்றரை லட்சம். பையன் அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பிவிட்டான். நண்பர் பென்ஷன்காரர், அந்த ஒன்றரை லட்சத்தில் பாதி யார் பையிலிருந்து போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சூப்பர்சார்ஜர் ஒன்றும் புது அதிசயம் இல்லை. அமெரிக்காவில் ரூட்ஸ் என்ற சகோதரர்கள் 1860-இலேயே இரண்டு உருளைகள் ஒன்றோடொன்று சுழன்று காற்றைத் தள்ளும் ஊதுகருவிக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அது ஆலைகளுக்கும் உலைகளுக்கும் ஆனது. கார் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் யோசனைக்கு 1902-இல் பிரான்சில் காப்புரிமை வாங்கியவர் லூயி ரெனோ. (நம்மூர்க்காரர்களுக்கு இதில் ஒரு சின்னப் பெருமை இருக்கட்டும்.) டர்போ என்பது புகைபோக்கியில் வீணாகும் வேகத்தில் சுற்றும், சூப்பர்சார்ஜரை இன்ஜினே பெல்ட் போட்டுச் சுற்ற வேண்டும். அதாவது, காற்றை அமுக்கும் கூலியை இன்ஜின் தன் பலத்திலிருந்தே கொடுக்கிறது.

நீங்கள் பாயில் விதி என்று படித்ததை எங்கள் பிரெஞ்சு வழிப் பள்ளியில் மரியோத் விதி என்று படித்தோம். காற்றைப் பாதியாக அமுக்கினால் அழுத்தம் இரட்டிப்பாகும். ஆனால் எங்கள் பௌதிக வாத்தியார் ஒவ்வொரு முறையும் மேசையைத் தட்டி, "வெப்பநிலை மாறாமல் இருந்தால் மட்டும்!" என்பார். பரீட்சையில் அந்த வார்த்தை விடுபட்டால் பாதி மதிப்பெண் போச்சு. கடைக்காரர் விட்டுவிடுவதும் அதே வார்த்தையைத்தான். சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டுப் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள், விரல் சுடும். வேகமாக அமுக்கினால் காற்று சூடாகியே தீரும்.

எவ்வளவு சூடாகும்? உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுகிறேன். வெளியே 35 டிகிரி. காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், இயந்திரம் குறையே இல்லாததாக இருந்தால்கூட 73 டிகிரி ஆகும். ரூட்ஸ் வகை அவ்வளவு உத்தமம் இல்லை. ஏறக்குறைய 100 டிகிரியில் காற்று வெளியே வரும். சின்னப் புல்லி போட்டு 1.8 மடங்கு ஆக்கினால் 130-ஐத் தாண்டும். அழுத்தம் ஏறியது 20 சதவீதம். ஆனால் சூடான காற்று விரிந்துவிடுவதால், குளிர்விக்காமல் விட்டால் உள்ளே போகும் காற்றின் எடை ஏறுவது 10 சதவீதம்தான். பாதியைச் சூடு தின்றுவிட்டது. அந்தக் கூடுதல் அமுக்கலுக்குப் பெல்ட் வழியாக இன்ஜின் கொடுக்கும் கூலி இதில் சேரவில்லை. மாறாக, புல்லியில் கை வைக்காமல் இன்ஜினுக்குள் நுழையும் காற்றை 80 டிகிரியிலிருந்து 50-க்கு இறக்கினால் 9 சதவீதம் அதிகக் காற்று சும்மா கிடைக்கிறது. எந்தக் கணக்குப்பிள்ளை முதல் வழியைத் தேர்ந்தெடுப்பான்?

இந்தச் சூட்டை இறக்கத்தான் பம்பருக்குப் பின்னால் இன்டர்கூலர் இருக்கிறது. ரேடியேட்டர் மாதிரிதான், உள்ளே தண்ணீருக்குப் பதில் அமுக்கிய காற்று ஓடும். எதிர்காற்று பட்டால் குளிரும். சிக்னலில் எதிர்காற்று எங்கே? அங்கேதான் இரண்டாவது சூடு வேலையைக் காட்டுகிறது. ஏசியின் கண்டென்சர் கக்கும் சூடு, 90 டிகிரியில் ஓடும் கூலன்ட், அனல் பறக்கும் புகைக்குழாய், கீழே வெந்து கிடக்கும் தார் ரோடு எல்லாம் சேர்ந்து பானெட்டுக்கு அடியில் அடுப்பு மூட்டுகின்றன. இன்டர்கூலர், சூப்பர்சார்ஜரின் உலோக உடம்பு, காற்றுக் குழாய் எல்லாவற்றிலும் அந்தச் சூடு ஊறிப்போகிறது. வெந்நீரில் போட்ட இரும்புக் கரண்டி மாதிரி. பிறகு குளிர்விக்க வேண்டிய கருவியே காற்றைச் சூடாக்க ஆரம்பிக்கிறது. வண்டியை நிறுத்தி அணைத்தால் இன்னும் மோசம்: கூலன்ட் ஓட்டம் நின்றுவிடும், சூடு போக வழியில்லாமல் மேலே ஏறும். பத்து நிமிஷம் கழித்துத் திரும்ப எடுக்கும்போதுதான் வண்டி அதிகம் சோம்பும்.

இது நமக்குத் தெரியாத சமாசாரமா? கோடையில் அம்பாசிடர் நடுரோட்டில் நின்றுபோய், டிரைவர் பானெட்டைத் திறந்து பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவாரே, அதுவும் ஊறிய சூடுதான். குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். அந்த டிரைவர் எட்டாவது தாண்டாதவர். ஆனால் சூட்டை வெளியே அனுப்பாமல் காரியம் ஆகாது என்பதும், அதற்கு நேரம் பிடிக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது கடையின் வைத்தியத்துக்கு வருகிறேன். கூம்பு ஃபில்டர்: கம்பெனி வைத்த ஃபில்டர் பெட்டி முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றை இழுக்கிறது. அதைக் கழற்றிவிட்டு, பானெட்டுக்கு உள்ளே திறந்த கூம்பை மாட்டினால் அடுப்புக் காற்றை இழுக்கும். உறுமல் சத்தம் கூடும், அது உண்மை. சத்தத்துக்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. காற்றுக் குழாயைச் சுற்றி ஒட்டும் வெள்ளி, தங்க நிற டேப்பும் இதே வகையறா. ஓட்டத்தில் காற்று அந்தக் குழாயைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிடும். டேப் சூடு ஏறுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

மூன்றாவது வைத்தியம்தான் ஆபத்து. உள்ளே போகும் காற்று சூடானால், பொறி மூட்டிய தீ பரவி வந்து சேரும்வரை காத்திருக்காமல் மூலையில் இருக்கும் பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளும். மெக்கானிக்குகள் இதை 'நாக்கிங்' என்பார்கள். பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பதற்குச் சமம். அதைத் தவிர்க்க, வண்டியின் கம்ப்யூட்டர் காற்றின் சூட்டை அளந்து, தட்டல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு, பொறியைத் தாமதப்படுத்துகிறது. பையன் சொன்ன மத்தியானச் சோம்பேறித்தனம் பெரும்பாலும் இதுதான். வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. காற்றைக் குளிர்விக்காமல் ட்யூனிங்கில் அந்தத் தாமதத்தை மட்டும் குறைப்பது, திருடன் வரும் நேரத்தில் வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்புவது. புல்லியைச் சின்னதாக்கித் திருடனுக்குக் கதவையும் திறந்துவிட்டு!

அதிக அமுக்கல் வேண்டுமென்றால் அதிகக் குளிர்ச்சியும் வேண்டும் என்பதை இன்ஜினியர்கள் எப்போதோ ஒத்துக்கொண்டாயிற்று. இரண்டாம் உலகப் போரில் ரோல்ஸ்-ராய்ஸ் தன் மெர்லின் விமான இன்ஜினுக்கு இரண்டு அடுக்கு சூப்பர்சார்ஜர் வைத்தபோது, கூடவே காற்றைக் குளிர்விக்கத் தனியாக ஒரு கூலரையும் சேர்த்தது. வானத்தில் குளிர்காற்றில் பறக்கும் இன்ஜினுக்கே அந்தக் கதி. நூறடி ரோட்டில் நிற்கும் வண்டிக்கு?

"மாமா, ஜெர்மன்காரன் எல்லாவற்றையும் டெஸ்ட் பண்ணித்தானே விடுறான், கூலிங்கில் குறை இருக்குமா?" என்று பையன் கேட்டான். நியாயமான கேள்வி. ஜெர்மன்காரன் டெஸ்ட் செய்தது புது வண்டியை. இது வயசான வண்டி, இரண்டு மூன்று கை மாறியது. நான் வேலை பார்த்த அலுவலகத்தில் அரசு ஜீப்புகளின் லாக் புக்கும் ரிப்பேர் பில்லும் பல வருஷம் என் மேசை வழியாகத்தான் போயின. மாட்டிய பாகத்துக்குத்தான் பில் வரும். கழற்றி, திரும்ப மாட்டாமல் மூலையில் போட்ட பாகத்துக்கு எந்த பில்லும் வராது. பம்பர் அடிபட்டு வேலை பார்த்த வண்டிகளில் கூலரைச் சுற்றியுள்ள ரப்பர், ஸ்பாஞ்சு, அடித்தட்டு எல்லாம் காணாமல் போவது சர்வ சாதாரணம். வெறும் பிளாஸ்டிக்தானே என்று நினைக்கிறார்கள். காற்று எப்போதும் சுலபமான வழியில்தான் போகும். சுற்றி இடுக்கு இருந்தால் கூலரின் துடுப்புகளுக்குள் நுழையாமல் பக்கவாட்டில் நழுவிவிடும்.

கடைக்குப் போவதை இரண்டு வாரம் தள்ளிப்போடச் சொன்னேன். ஸ்டீயரிங்குக்கு அடியில் உள்ள சாக்கெட்டில் சொருகி போனில் பார்க்கும் ஓபிடி கருவி குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. இன்ஜினுக்குள் போகும் காற்றின் சூடு அதில் தெரியும். நோட்டுப் போட்டு எழுதச் சொன்னேன், பழைய வழக்கம் போகுமா? காலை ஏழு மணிக்குக் காலாப்பட்டு போகும் வழியில் 41 டிகிரி. மத்தியானம் சிக்னலில் நின்று கிளம்பும்போது 72. அது இறங்க நாலு கிலோமீட்டர் ஆயிற்று.

பிறகு முதலியார்பேட்டையில் நமக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் பம்பரைக் கழற்றினோம். கண்டென்சருக்கும் கூலருக்கும் நடுவே ஈசிஆர் மணல், செத்த பூச்சி, காய்ந்த இலை, ஒரு பாலிதீன் பை. அடித்தட்டு இல்லவே இல்லை. ரேடியேட்டர் மின்விசிறி வேகமாகச் சுற்ற வேண்டிய நேரத்திலும் மெதுவாகவே சுற்றியது. முன்கிரில்லுக்கு நடுவில் பழைய ஓனர் மாட்டிய இரண்டு பெரிய ஹாரன் வேறு. எல்லாம் சுத்தம் செய்து, இடுக்குகளை ஸ்பாஞ்சால் அடைத்து, பழைய சாமான் கடையில் அடித்தட்டு தேடி மாட்டி, விசிறியைச் சரிசெய்து, வெறும் தண்ணீர் கலந்து நீர்த்துப்போயிருந்த கூலன்ட்டையும் மாற்றினான். கடை கேட்டதில் எட்டில் ஒரு பங்கு செலவு.

சிக்னலில் நின்றால் இப்போதும் 63, 64 வரை ஏறத்தான் செய்கிறது. நிற்கிற வண்டியில் ஊறும் சூட்டை முழுசாக ஒழிக்க முடியாது. முடியும் என்கிறவனை நம்பாதீர்கள். ஆனால் கிளம்பி ஒரு கிலோமீட்டருக்குள் 48-க்கு இறங்கிவிடுகிறது. பந்தயக்காரர்கள் தண்ணீரால் குளிர்விக்கும் கூலர் வைத்து அதன் தொட்டியில் ஐஸ் கொட்டுவார்கள். கால் மைல் ஓட்டத்துக்கு அது சரி, திண்டிவனம் போய் வர உதவாது. இன்னும் வேண்டுமென்றால் பெரிய இன்டர்கூலர் போடட்டும். அதற்குப் பிறகும் ஆசை தீராவிட்டால் புல்லியைப் பற்றிப் பேசலாம்.

இதைச் செய்ய நினைக்கும் நண்பர்களுக்கு இரண்டு விஷயம். கூலரைக் கழுவும்போது பிரஷர் வாஷரைக் கிட்டே கொண்டுபோய் அடிக்க விடாதீர்கள். துடுப்புகள் மடங்கிக்கொண்டால் காற்று நுழையாது. சாதாரணக் குழாய்த் தண்ணீர், மெல்லிய பிரஷ் போதும், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு. வேகமாக ஓட்டி வந்தால் கடைசி இரண்டு கிலோமீட்டர் நிதானமாக வந்து, வீட்டில் நிறுத்தியதும் பானெட்டைக் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். ஆனால் சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் விசிறி திடீரென்று தானே சுற்றும். எட்டிப் பார்க்கும்போது கையையும் துண்டு நுனியையும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.