கணக்கில் ஏறிய கூலி கைக்கு வரலையே!

'கொள்முதல் விலை உயர்வு' என்று செய்தி வந்தால், ஆம்பிளைங்க சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டி விடுகிறோம். அப்படி விடாதீங்க சகோதரிகளே. டெல்லியில் 1965-ல் தொடங்கிய விவசாய விலை ஆணையம்தான் விலையைச் சிபாரிசு செய்கிறது. அங்குள்ள ஆய்வாளர்கள் விதை, உரம், ஆள் கூலியோடு, வீட்டுப் பெண்கள் சொந்தக் காட்டில் சம்பளமில்லாமல் களை எடுப்பதற்கும் கதிர் ஒடிப்பதற்கும் கூலி போட்டுத்தான் செலவைக் கணக்கிடுகிறார்கள். அதற்கு மேல் பாதி சேர்த்து விலை என்பது 2018 பட்ஜெட் அறிவிப்பு. (நிலத்து வாடகையையும் சேர்க்கணும் என்கிறார்கள் விவசாயிகள். அது தனி வழக்கு!)

மக்காச்சோளத்துக்கு 2025-26-ல் அறிவித்தது குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். எங்கள் பெரம்பலூரில் அதை யார் கொடுப்பது? அரியலூர் மாவட்டம் திருமானூர் பக்கம் நெல்லுக்கு அரசு கொள்முதல் நிலையம் உண்டு. சோளத்துக்கு அப்படி ஊருக்கு ஊர் இல்லையே! வியாபாரி சொன்னதுதான் விலை. சின்ன வெங்காயமோ அந்த ஆதரவு விலைப் பட்டியலிலேயே கிடையாது. அறுவடை மாதங்களிலாவது இரண்டு மாவட்டத்திலும் சோளத்துக்கு நிலையம் திறக்கச் சொல்லி, அடுத்த கிராமசபையில் நாமே போய்க் கேட்போமா?

– ஒரு விவசாயி மனைவி, வேப்பந்தட்டை.