ரத்தத்தில் ஒரு இடுக்கி

சனி, ஞாயிறு லீவு கிடைத்தால் பைக்கை எடுத்துக்கொண்டு போளூர் வழியாக ஜவ்வாது மலைக்குக் கிளம்பிவிடுகிற ஆசாமியா நீங்கள்? சபாஷ். பீமன் அருவியில் குளியுங்கள். காவலூர் தொலைநோக்கியைப் பாருங்கள். சாமை அரிசி வாங்கி வந்து வீட்டில் நல்ல பெயர் எடுங்கள். அதற்கு முன்னால், கிளம்புகிற அவசரத்தில் ஷேவ் செய்யும்போது பிளேடு பட்டு கன்னத்தில் ஒரு பொட்டு ரத்தம் வருகிறதே, அதைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடலாம். மலைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

அந்த ரத்தம் சில நிமிஷங்களில் நின்றுவிடும். புகழை நீங்கள் தேய்த்த படிகாரத்துக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ரத்தத்தில் மிதக்கிற சில புரதங்கள் ஒன்றையொன்று தட்டி எழுப்பி, கடைசியில் நூல் நூலாக ஒரு வலை பின்னி ஓட்டையை அடைக்கின்றன. இவற்றுக்கு 'ஃபாக்டர்' என்று பெயர். ரோமன் எண்களில் 1 முதல் 13 வரை நம்பர் உண்டு. 6 மட்டும் கிடையாது. புது ஆள் என்று நினைத்து நம்பர் கொடுத்தார்கள். விசாரித்ததில் 5-ம் நம்பரேதான் வேஷம் மாற்றி வந்திருந்தது. லிஸ்ட்டிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

இதில் 2, 7, 9, 10 ஆகிய நால்வர் விசேஷமானவர்கள். கல்லீரல் இவர்களைத் தயார் செய்தால் மட்டும் போதாது. வைட்டமின் கே கையெழுத்துப் போட்டால்தான் ஃபைல் நகரும்.

இந்த 'கே' தெரியவந்ததே கோழிக்குஞ்சு புண்ணியத்தில்தான். 1929-ல் கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம் என்பவர் கொழுப்பு நீக்கிய தீனி போட்டுக் குஞ்சுகளை வளர்த்தார். அவற்றுக்கு உடம்புக்குள்ளேயே ரத்தம் கசிந்தது. தீனியில் ஏதோ ஒன்று குறைகிறது என்று தேடி, 1935-ல் அதற்கு 'கே' என்று பெயர் வைத்தார். ரத்த உறைவுக்கு டேனிஷ், ஜெர்மன் பாஷைகளில் உள்ள வார்த்தை அந்த எழுத்தில்தான் ஆரம்பிக்கிறது. 1943-ம் வருஷத்து மருத்துவ நோபல் பரிசு, டாய்சி என்ற அமெரிக்கரோடு இவருக்கும் கிடைத்தது.

கையெழுத்து என்றேனே, அது என்ன என்பது 1974-ல்தான் புரிந்தது. புரதத்தில் குளுடாமிக் அமிலம் என்று ஒரு துண்டு. அதற்கு ஒரு கைதான். வைட்டமின் கே இருந்தால் பக்கத்தில் இன்னொரு கை முளைக்கிறது. இரண்டு கை சேர்ந்தால் இடுக்கி! அந்த இடுக்கி கால்சியத்தைப் பிடித்துக்கொள்ள, கால்சியத்தின் தயவில் புரதம் காயம்பட்ட இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. வைட்டமின் இல்லாவிட்டாலும் புரதம் தயாராகும். இடுக்கி இருக்காது. ஆபீசில் சும்மா வந்து போகிற சிலரைப் போல ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

எலும்பிலும் இதே இடுக்கியோடு ஒரு புரதம் உட்கார்ந்திருக்கிறது. பெயர் ஆஸ்டியோகால்சின். ரத்தக் குழாய்ச் சுவரில் கால்சியம் படியாமல் காவல் காக்கும் இன்னொரு புரதத்துக்கும் வைட்டமின் கே வேண்டும். ஒரே வைட்டமின், ஒரே வேலை, பல டிபார்ட்மென்ட்.

முருங்கைக்கீரை, பசலைக்கீரை சாப்பிடுகிற நமக்கு இதில் பெரிய பஞ்சம் கிடையாது. பிறந்த குழந்தைக்குத்தான் பஞ்சம். தாய்ப்பாலில் இது ரொம்பக் குறைவு. அதனால்தான் பிறந்தவுடன் தொடையில் 1 மில்லிகிராம் ஊசி போடுகிறார்கள். எடை மிகக் குறைந்த குழந்தைக்குப் பாதி அளவு. 2014-ல் மத்திய அரசே இதற்கு வழிமுறை வெளியிட்டது. அப்பா ஆகப்போகிறவர்கள் நர்ஸிடம் மறக்காமல் கேளுங்கள்.

உங்கள் அப்பா இதய வால்வு ஆபரேஷன் ஆகி வார்ஃபரினோ அசிட்ரோமோ சாப்பிடுகிறாரா? ரத்தம் வேண்டாத இடத்தில் உறையாமலிருக்க, வைட்டமின் கே-யின் கையைக் கொஞ்சம் கட்டிப்போடுகிற மாத்திரைகள் இவை. ஒரு வாரம் கீரையே இல்லை, மறுவாரம் மூன்று வேளையும் கீரை என்றால் கணக்கு தப்பும். கீரையை நிறுத்த வேண்டாம். அளவு ஒரே சீராக இருந்தால் போதும். மாற்றுவதானால் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றச் சொல்லுங்கள்.

இனி மலைக்கு வருவோம். கண்ணாடி விரியனின் விஷத்துக்கு யார் கையெழுத்தும் தேவையில்லை. 10-ம் நம்பரையும் 5-ம் நம்பரையும் நேராக உசுப்பிவிடுகிறது. காயமே இல்லாத இடத்திலெல்லாம் ரத்தம் உறைந்து, கரைந்து, கடைசியில் சரக்கு தீர்ந்துபோகிறது. அப்புறம் ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம். டாக்டர்கள் இதைக் கண்டுபிடிக்கிற விதம் ரொம்ப எளிமை. சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம். 20 நிமிஷம் தொடாமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். தண்ணீர் மாதிரி ஓடினால் விஷமுறிவு மருந்து. வைட்டமின் கே ஊசி இதற்கு உதவாது. முதலில் விஷத்தை அடக்க வேண்டும். அதன் பிறகு கல்லீரல் புதுச் சரக்கு தயார் செய்ய மணிக்கணக்கில் ஆகும்.

அந்த மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தில் பெரும்பங்கு, மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போனது. மருந்து இருக்கிறது. டாக்டர் இருக்கிறார். கடிபட்டவர் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' சின்ன விஷயமில்லை. 2023 மே மாதம், ஜவ்வாது மலைத்தொடரில் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலைக் கிராமத்தில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. கடித்தது எந்தப் பாம்பானாலும் சரி, ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒழுங்கான ரோடு இல்லை. குழந்தை வழியிலேயே இறந்துபோனது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸும் பாதி வழிக்கு மேல் ஏற முடியவில்லை. மிச்ச தூரத்தை அம்மாவே கையில் ஏந்தி நடந்தார்.

எனவே மலைக்குப் போகிறவர்களே, ராத்திரியில் டார்ச், காலில் ஷூ. கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். நாம் இரண்டு நாளில் இறங்கி வந்துவிடுவோம். அங்கேயே இருப்பவர்களுக்கு ரோடும் ஒரு உயிர்காக்கும் மருந்துதான்.