தயிர் மருந்தாகுமா?

தயிரில் உயிருள்ள நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் உள்ளன. இத்தகைய உணவை உண்போரிடம் நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் குறைவு என அமெரிக்க ஆய்வுகள் சில கூறுகின்றன. உடனே தயிரை மருந்து எனலாமா? கூடாது என்பேன்.

சிறுநீரகம் பழுதானவர்களின் இரத்தத்தில் பாஸ்பரஸ் மிகும். அதனால் பால், தயிரைக் குறைக்கும்படி மருத்துவர்கள் சொல்வதுண்டு. அப்படியானால், தயிர் உண்டதால் சிறுநீரகம் நலமாக இருக்கிறதா? சிறுநீரகம் நலமாக இருப்பதால் தயிர் உண்ண முடிகிறதா? இரண்டையும் ஒரே சமயத்தில் கணக்கெடுத்தால் காரணம் எது, விளைவு எது என்று தெரியாது.

2024இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், தயிர் நீரிழிவு அபாயத்தைக் குறைக்கலாம் என விற்பனையாளர் அச்சிடுவதை ஆட்சேபிக்கவில்லை. ஆனால் 'குறைந்த அளவு சான்றின்படி' என்ற சொற்களும் அதில் உண்டு.

தயிரை விரும்பி உண்ணுங்கள். வீட்டில் எவரேனும் அதை நம்பி நீரிழிவு மாத்திரையை நிறுத்தினால், உடனே மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள்.